ஒரு கரைக்கு இரண்டு வரைபடங்கள்

1. கழுதைகள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். மன்னார்த் தீவின் தென்கரையில் ஜீப்பை விட்டு இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கழுதைகள். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நின்றன. தென்மேற்கிலிருந்து சோளகம் அடித்தது. மணல் கணுக்கால் உயரத்தில் ஓடியது. கடல் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. அலை விழும் இடத்துக்கும் பனங்கூடல் தொடங்கும் இடத்துக்கும் நடுவே, அந்தக் கழுதைகளைத் தவிர உயிருள்ள எதுவும் தெரியவில்லை.

அது ஆடி மாதம். போர் முடிந்து, தலைமன்னாருக்கு மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். அதற்குப் பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பத்திரிகையின் மன்னார் நிருபராக இருந்தவன். பிறகு அரசின் சுற்றாடல் திணைக்களத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எங்கள் கள அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று என்னோடு வந்தவர் ரிஸ்வான். கொழும்புத் தலைமையகத்தின் வரைபட உத்தியோகத்தர், கண்டிப் பக்கத்துக்காரர். நாட்டின் கரை முழுவதையும் அளந்து வகைப்படுத்தும் வேலைக்காக ஒவ்வொரு மாவட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். கையில் ஜீபிஎஸ் கருவி. ஜீப்பின் பின்பக்கத்தில் சிவப்புத் தலை பூசிய கொங்கிரீட் கம்பங்கள்.

"சேர், இங்க மனுசர் யாரும் வாறல்லையா?" என்று காற்றுக்கு மேலே கத்திக் கேட்டார்.

"இப்ப இல்லை. காற்று மாறினா வருவினம்."

"எப்ப மாறும்?"

"ஐப்பசி, கார்த்திகையில."

"அது மட்டும் நிக்க ஏலாதே சேர். ஆய்வு நாளில என்ன இருக்கோ, அதத்தான் நான் போட ஏலும்."

போட்டார். படிவத்தில் ஆட்கள்: இல்லை. கட்டடங்கள்: இல்லை. படகுகள்: இல்லை. பறவைகள்: இல்லை. விலங்குகள் என்ற இடத்தில் மட்டும் 'கழுதை' என்று எழுதினார். பிறகு ஒரு கம்பத்தை மணலில் இறக்கி, அடியில் சீமெந்துக் கலவை போட்டு, காலால் மிதித்து இறுக்கினார். வேலை சுத்தமாக இருந்தது.

அவரோடு என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை. பத்திரிகையில் எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். கண்டதை எழுத வேண்டும். யாரோ சொன்னதை, கண்டது போல எழுதக் கூடாது.

2. மூன்றாம் வகுப்பு

திணைக்களத்துக்குத் தலைமை அதிகாரியாக அப்போது ஒரு புதிய பணிப்பாளர் நாயகம் வந்திருந்தார். சிங்களப் பெண்மணி, மட்டக்களப்பில் சில காலம் வேலை செய்தவர், தமிழ் பேசுவார். வந்தவுடன் எல்லா மாவட்டக் கந்தோர்களுக்கும் அவர் அனுப்பிய செய்தி தெளிவானது. இதுவரை நாங்கள் முறைப்பாடு வந்த பிறகு ஓடுகிற திணைக்களமாக இருந்தோம். யாரோ கண்டல் காட்டை வெட்டிய பிறகு போய்ப் பார்ப்போம், யாரோ குளத்தை நிரப்பிய பிறகு வழக்குப் போடுவோம். இனி அப்படி வேண்டாம். எந்த இடத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மூலோபாயத் திட்டம்.

நல்ல யோசனை. அதை நான் அன்றும் நல்லது என்றே நினைத்தேன்.

ஆவணி பிறப்பதற்கு முன் திட்டத்தின் வரைவு வந்தது. நாட்டின் கரை மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலாம் வகுப்பில் வழக்கமான தொழில் தவிரப் புதிதாக எதற்கும் கை வைக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பில் நிபந்தனையோடு பயன்படுத்தலாம். மூன்றாம் வகுப்பு 'குறைந்த பயன்பாட்டுக் கரை'. அங்கே யாராவது ஒரு தொழில் தொடங்கக் கேட்டால் எங்கள் திணைக்களம் மறுப்புச் சொல்லாது.

ரிஸ்வான் கம்பம் அடித்த தென்கரைத் துண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தது.

மன்னாரைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். வடகிழக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் மறுபக்கம். ஆகவே தொழிலாளிகள் காற்றோடு கரை மாறுவார்கள். வள்ளமும் வலையும் மட்டுமல்ல, பெண்கள், பிள்ளைகள், சட்டி பானை, கோழி எல்லாம் மாறும். வாடைக்குத் தென்கரையில் ஓலையால் வாடிக் குடிசைகள் போட்டு ஒரு ஊரே எழும்பும். சோளகம் வரும்போது ஓலையைக்கூட விட்டுவைக்காமல் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பூநாரைகளும் மற்றக் குளிர்காலப் பறவைகளும் தென்பக்கத்துச் சேற்றுத் தரைக்கு வருவது அதே வாடையில்தான்.

ரிஸ்வான் வந்தது ஆடியில்.

அந்தத் துண்டுக்கு ஏற்கனவே ஒரு விண்ணப்பம் இருந்தது. வெளியூர்க் கம்பனி ஒன்று இறால் பண்ணை போடக் கேட்டிருந்தது. சேற்றுத் தரையில் தொட்டிகள், கரையோரமாகக் கடல் நீர்க் குழாய்கள், சுற்றிவர வேலி. வரைவு அப்படியே அச்சானால் அந்த வேலி நேராக ஜெசிந்தாவின் பாட்டுக்குள்ளால் போகும்.

3. பூட்டிய வீடு

பாடு என்பது கரைவலை இழுப்பதற்கு ஒருவருக்கு உரிய கரைத்துண்டு. கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். மீன் நிறைந்த மடி வந்து ஏறுவதற்கு மறிப்பில்லாத மணல் வேண்டும். அந்தப் பாட்டுக்குச் சம்மாட்டி, அதாவது வலைக்கும் தொழிலுக்கும் சொந்தக்காரி, ஜெசிந்தா. புருசன் இறந்த பிறகு வலையை விற்கச் சொன்னவர்களையெல்லாம் துரத்திவிட்டுத் தானே தொழிலை எடுத்து நடத்தியவர். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, மீனவர் சங்கத்தோடு வாதாடி அந்தப் பாட்டை மறுபடி தன் பெயருக்கு வாங்கியிருந்தார். அவருடைய கயிற்றைப் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல.

சோளகம் என்பதால் அவர் அப்போது வடகரையில், பேசாலையில் இருந்தார். போனபோது நிழலில் கதிரை போட்டுக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்கோ பேப்பர்த் தம்பி. உங்கட கம்பம் ஒண்டு என்ர மடி ஏறுற இடத்தில நிக்குதாமே."

பத்திரிகையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அவருக்கு நான் பேப்பர்த் தம்பிதான்.

"அது எல்லை காட்டுற கம்பம் அக்கா."

"ஆரின்ர எல்லை? ஆரிட்டக் கேட்டு அடிச்சனீங்கள்?"

வரைவில் இருந்ததைச் சொன்னேன். ஆட்கள் இல்லை என்று பதிந்திருப்பதையும், விலங்குகள் என்ற இடத்தில் கழுதை இருப்பதையும் மறைக்காமல் சொன்னேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"கழுதையள எழுதினீங்கள். எங்களை எழுதேல்லை."

"அண்டைக்கு அங்க ஒருத்தரும் இருக்கேல்லையே அக்கா."

"தம்பி, நீங்கள் வேதக்காரன்தானே? ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோவிலுக்குப் போறனீங்களோ?"

"ஓம்."

"வீட்டை என்ன செய்யிறனீங்கள்?"

"பூட்டிப்போட்டுப் போறது."

"அந்த நேரம் ஒருத்தன் உங்கட வீட்டு வாசலில வந்து நிண்டு, இங்க ஒருத்தரும் இல்லை, சும்மா கிடக்கிற வீடு எண்டு எழுதிக்கொண்டு போனா, திரும்பி வந்து என்ன செய்வீங்கள்?"

அவர் வலையை மடியிலிருந்து இறக்கிவைத்தார்.

"இந்தப் பாடு போனா எனக்கு வேற கரையில்லை. எல்லாக் கரையிலயும் ஆக்கள் இருக்கினம். வாடைக்கு நான் எங்க போறது? உங்கட கந்தோருக்குள்ள வந்து வலை வளைக்கிறதோ?"

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு இன்னொன்று பட்டது. வரைவைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் மாவட்டச் செயலகமான கச்சேரியில் வைப்பதாக இருந்தது. தலைமையகம் போட்டிருந்த திகதி மடுத் திருநாளுக்கு முதல்நாள்.

எங்கள் கந்தோரின் உதவிப் பணிப்பாளர் தவராசா சேர் கவனமான மனிதர். மேலிடத்துக்கு ஒரு கடிதம் போவதற்கு முன் அதைப் பலமுறை வாசிப்பார். திகதியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அண்டைக்கு வச்சா ஆர் வருவினம்? நானே மடுவில நிப்பன்."

"ஒத்திவைக்கக் கேப்பம் சேர். மார்கழிக்கு."

"மார்கழிக்கோ? ஏன் அவ்வளவு தூரம்?"

"வாடை விழுந்த பிறகு மேடம் வந்து கரையைப் பாக்கட்டும்."

பேனையை எடுத்தார்.

"மடுத் திருநாள் எண்டு எழுதுறன். காற்றெண்டு எழுதேலாது. காற்று மாறும் மட்டும் கூட்டத்தை ஒத்திவையுங்கோ எண்டு இந்த நாட்டில ஒரு கந்தோரும் கேட்டதில்லை. எனக்குப் பைத்தியமெண்டு நினைப்பினம்."

மாவட்டப் பட்டியலில் மன்னாரைக் கடைசியாகப் போடுவதாகத் தலைமையகம் பதில் அனுப்பியது. மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு ரயிலில் வந்து, விடியக் கரையைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குக் கச்சேரியில் கூட்டம் என்று பணிப்பாளர் நாயகமே ஒழுங்கு செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை என்றால் ஜெசிந்தாவின் முதல் இழுவை கரையேறுகிற நேரம். கயிற்றில் வரிசையாக ஆட்கள், மடியைச் சுற்றிக் காகங்கள், மீன் ஏற்ற லொறி. அதைக் கண்ட பிறகு அந்தக் கரையைச் சும்மா கிடக்கிற கரை என்று யாராலும் சொல்ல முடியாது.

4. கயிறு நனையாத நாள்

அதற்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் தொலைபேசி வந்தது. பணிப்பாளர் நாயகத்துக்குத் திங்கள் முதல் கொழும்பில் அமைச்சுக் கூட்டங்கள். ஆகவே மன்னாருக்கு ஞாயிற்றுக்கிழமையே வருகிறார். வரைவை மாதம் முடிய முன் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், வேறு நாள் இல்லை.

தவராசா சேர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தீவில் வேதக்காரரான கத்தோலிக்கர் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. போவதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தென்கரைக்குப் போனேன். வாடி ஊர் முழுதாக எழும்பியிருந்தது. ஜெசிந்தா உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"இந்த ஒரு ஞாயிறு மட்டும் அக்கா. ஒரே ஒரு இழுவை. மேடம் கண்ணால காணட்டும்."

"எங்கட கரையில ஞாயிற்றுக்கிழமை கயிறு நனையாது."

"பாட்டைக் காப்பாத்தத்தானே கேக்கிறன்."

"ஓம், விளங்குது. பாட்டைக் காப்பாத்த நாடகம் போடச் சொல்லுறீங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வலை இழுக்கிறதில்லை. இழுக்கிற மாதிரி அந்த அம்மாவுக்குக் காட்டினா அது பொய்தானே? ஆடியில வந்த உங்கட ஆள் பொய் எழுதேல்லை எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். இப்ப என்னைச் செய்யச் சொல்லுறீங்கள்."

"அக்கா..."

"பாதரிட்டப் போய் உத்தரவு வாங்கலாமெண்டு பாக்காதேங்கோ. பாதர் விட்டாலும் நான் விடன்."

பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "எனக்கும் பயம்தான் தம்பி. ஆனா அதுக்காக ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு ஆக்களை அனுப்பேலாது."

கந்தோருக்கு வந்து சொன்னபோது தவராசா சேர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "அப்ப ஞாயிறு விடிய அந்த மனுசிக்கு எதைக் காட்டப் போறாய்? மணலையோ?"

ஞாயிறு காலைகளில் நான் நகரத்துக் கோவிலில் பூசையில் இருப்பவன். வாடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கரையை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆட்களெல்லாம் பேசாலைக் கோவிலுக்குப் போய்விட, வெறும் வாடிகள்தான் நிற்கும் என்று நினைத்தேன்.

5. பூசை முடிந்து

ரயில் மன்னாருக்குச் சற்றுப் பிந்தி வந்தது. முதலில் பணிப்பாளர் நாயகம் இறங்கினார். பருத்திச் சேலை, தோளில் பை, காலில் மண்ணுக்குப் பழகிய செருப்பு. பின்னால் ரிஸ்வான். நேராகக் கரைக்குப் போனோம். வழியில் மழை தூறி ஓய்ந்தது. வாடைக் காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது.

பனங்கூடலைத் தாண்டும்போது எதிர்பாராத ஒரு சத்தம் கேட்டது. பலர் சேர்ந்து பாடும் சத்தம்.

ஜீப் நின்றது. கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கரை நீளத்துக்கு ஓலை வாடிகள். அவற்றுக்கு முன்னால் கரையேற்றிய வள்ளங்கள், மூக்கு ஒரே பக்கம் பார்த்தபடி. நடுவில் அந்தோனியார் சுரூபம் வைத்த சிறு கொட்டில். கொட்டிலுக்கு முன் மேசை ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து, காற்றில் பறக்காமல் அதன் நான்கு மூலையிலும் வலையின் ஈயக்குண்டுகளைக் கட்டியிருந்தார்கள். பாதர் பூசை வைத்துக்கொண்டிருந்தார். மணலில் பாய் விரித்து ஊர் முழுவதும் முழந்தாளில் இருந்தது. ஆண்கள் வெள்ளைச் சேட்டு, பெண்கள் நல்ல சேலை, தலையில் முக்காடு. கைக்குழந்தைகள், தடியூன்றிய கிழவர்கள், எல்லோரும். கிழமை நாளில் வந்திருந்தால் இழுவைக்குப் போன ஆண்களை மட்டும் கண்டிருப்போம். மற்றவர்கள் வாடிக்குள்ளும், சந்தையிலும், பள்ளிக்கூடத்திலும் இருந்திருப்பார்கள். அந்தக் கரையில் வாழ்கிற அத்தனை பேரும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

வாடிகளுக்குப் பின்னால் சேற்றுத் தரையில் பூநாரைகள் நின்றன. கடலோரமாகக் கயிறு இழுக்கும் கூச்சல் இல்லாததால் வழக்கத்தை விடக் கிட்ட வந்து மேய்ந்தன.

பணிப்பாளர் நாயகம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பாய்க்குப் பின்னால் போய் நின்றார். பூசை முடியும் வரை நகரவில்லை.

ரிஸ்வான் மட்டும் கருவியைப் பார்த்தபடி மணலில் நடந்தார். ஓரிடத்தில் நின்றார். அங்கே அவருடைய சிவப்புத் தலைக் கம்பத்தில் ஒரு வலையின் முனையைக் கட்டி, மறுமுனையைப் பக்கத்து வள்ளத்தில் கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். வலையை விலக்கிக் கம்பத்தின் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு பணிப்பாளர் நாயகம் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மேடம், இது என்ட கம்பம். நான்தான் அடிச்சன்."

"சரி."

"ஆடியில நான் இதே இடத்தில நிண்டன். ஒண்டுமே இருக்கல்ல. பொய் எழுதல்ல மேடம்."

"பொய்யெண்டு யாரும் சொல்லல்லயே."

"இண்டைக்குக் காணுறதும் பொய்யில்ல. ரெண்டும் உண்மை. ஒரே படத்தில ரெண்டையும் போட ஏலாது. ரெண்டு படம் வேணும்."

அதற்குள் ஜெசிந்தா வந்துவிட்டார். நீலச் சேலை, கையில் செபமாலை. ரிஸ்வானை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, கம்பக்காரத் தம்பி இவர்தானோ? நல்ல கம்பம் மகன். ஆடாது, அசையாது. இன்னும் நாலைஞ்சு கொண்டு வந்தா வலை காயப்போட வசதி."

ரிஸ்வான் முதலில் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

கச்சேரிக்குப் போகவில்லை. கூட்டத்தை அங்கேயே வைப்போம் என்றார் பணிப்பாளர் நாயகம். பாதர் கதிரை கொடுத்தார், மற்றவர்கள் பாயில் இருந்தார்கள். கச்சேரியில் காத்திருந்தவர்களை ஜீப் போய் ஏற்றி வந்தது. அவர்களில் இறால் பண்ணைக் கம்பனியின் ஆளும் ஒருவர், அயன் பண்ணிய சேட்டோடு. பேசத் தெரிந்தவர்.

"மேடம், இவையள் வருசத்தில பாதிதான் இங்க இருக்கினம். மற்றப் பாதி இந்தக் காணி சும்மா கிடக்கு. ஆறு மாசம் ஒருத்தருக்கும் உதவாத நிலத்தை ஏன் பிடிச்சு வைக்க வேணும்? எங்கட பண்ணையால வேலை வரும்."

அது மோசமான வாதமல்ல. பாயில் இருந்த இரண்டொரு இளைஞர்கள் நிமிர்ந்து பார்த்ததையும் நான் கண்டேன். பணிப்பாளர் நாயகம் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சோளகத்தில இங்க யார் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்ன நடக்கும் இந்தக் கரையில?"

"ஒண்டும் நடக்காது. கரை கிடக்கும். உங்கட கந்தோருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே மேடம்? லீவு நாளில பூட்டித்தானே கிடக்குது எண்டு அதுக்குள்ள கடை போட விடுவீங்களோ?"

கூட்டம் சிரித்தது. பணிப்பாளர் நாயகமும் சிரித்தார். "இண்டைக்கு எனக்கு லீவு இல்ல அம்மா."

"அதுதான் பாவமாயிருக்கு. பூசைக்கு வந்தாலும் வேலைக்குத்தான் வந்தனீங்கள். சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கம்பனி ஆள் மறுபடி தொடங்கினார். பண்ணையைச் சோளகத்தில் மட்டும் நடத்தலாமே என்றார். ரிஸ்வான் கையை உயர்த்தினார். "வாடை வந்தவுடன தொட்டியையும் வேலியையும் கழட்டிக்கொண்டு போக ஏலுமா உங்களால? இவங்க ஓலை வரைக்கும் கழட்டிக்கொண்டு போறாங்க. ஆடியில நான் வந்தப்ப ஒரு ஆணிகூட இருக்கல்ல."

பணிப்பாளர் நாயகம் வரைவைத் தோள்பையிலிருந்து எடுத்தார். மன்னார்ப் பக்கத்தைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இதில பிழை செய்தது எங்கட படிவம். எந்த இடம் எண்டு கேட்டிருக்கம். எந்த மாதம் எண்டு கேக்கவேயில்ல. மன்னாருக்கு மட்டுமில்ல, நாடு முழுக்க இதே பிழைதான் செய்திருப்பம். இத இப்பிடியே அச்சுக்குக் குடுக்க மாட்டன்."

பேனையை எடுத்து, மூன்றாம் வகுப்பு என்றிருந்ததைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார்.

முதலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஜெசிந்தா தட்டவில்லை. அவர் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து, வாடிக்குள் போய், சமைப்பவர்களிடம் மீனைக் கூடப் போடச் சொன்னார்.

6. அச்சில் காற்று

திட்டம் தலைமையகம் நினைத்ததைவிடப் பிந்தித்தான் வந்தது. கரை முழுவதும் மறுபடி ஆய்வு. இந்தத் தடவை ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு தரம், இரண்டு காற்றுக்கும். ரிஸ்வான் கொழும்பில் இருந்த நாட்கள் குறைவு. கிழக்குக் கரையில் பருவம் எங்கள் தென்கரைக்கு நேர்மாறு. அங்கே நல்ல மாதத்தில் ஆய்வு செய்ததால் ஆள் நிறைந்த கரையாகப் பதிவானவையும், கெட்ட மாதத்தில் செய்ததால் வெறும் கரையாகப் பதிவானவையும் எத்தனையோ இருந்தன. திருகோணமலைக் கந்தோரிலிருந்து ஒருவர் என்னை அழைத்து, "உங்கட ரெண்டு படச் சங்கதியை எங்களுக்கும் அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன்.

அச்சாகி வந்த திட்டத்தில் கரையோர மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கங்களில் ஒன்றுக்கு வாடை என்றும் மற்றதற்குச் சோளகம் என்றும் தலைப்பு. தென்கரை வாடைப் படத்தில் பருவக் குடியிருப்பாகவும் கரைவலைப் பாடாகவும் பறவைத் தரையாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. சோளகப் படத்தில் அதே துண்டு வெறுமையாக இருக்கிறது. இரண்டுக்கும் கீழே ஒரே வகுப்புத்தான்: முதலாம் வகுப்பு. இறால் பண்ணை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

திட்டத்தின் முதல் பிரதியைத் தவராசா சேரிடம் கொடுத்தேன். நின்றபடியே மன்னார்ப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

"காற்றெண்டு எழுதேலாது எண்டனான். இஞ்ச பார், அச்சிலேயே போட்டிருக்கிறாங்கள்."

அந்த இரண்டு பக்கங்களையும் பெரிதாகப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டுத் தன் கதிரைக்குப் பின்னால் மாட்டினார். கந்தோருக்கு வருகிறவர்களெல்லாம் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, முன்பு அங்கே நின்ற அலுமாரியை வேறு மூலைக்குத் தள்ளினார். வேலையிலிருந்து இளைப்பாறும் நாள் வரை ஒவ்வொரு விருந்தினருக்கும் மடுத் திருநாள் கடிதத்திலிருந்து தொடங்கிக் கதையைச் சொன்னார்.

ஜெசிந்தாவுக்கு நானே போய்ச் சொன்னேன். அடுத்த வாடையின் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் பாதர் அதை எல்லோருக்கும் அறிவித்தார். வெடி கொளுத்தினார்கள். பூநாரைகள் ஒரே தரமாக எழும்பி, வட்டமடித்து, மறுபடி இறங்கின. ஜெசிந்தா என் கையிலிருந்த படத்தை வாங்கிச் சோளகப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதில கழுதையளைக் காணேல்லையே தம்பி" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கண்டதை எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். ஆனால் எந்தக் காற்றில் நின்று கண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கள அறிக்கையின் முதல் பக்கத்தில் திகதிக்குக் கீழே 'காற்று' என்று ஒரு வரி இருக்கிறதே, அது அதற்காகத்தான். அதை வெறுமையாக விட்டால் அறிக்கை உங்களிடமே திரும்பி வரும்.

இளைப்பாறுவதற்கு முந்திய ஆடியில் கடைசித் தடவையாகத் தென்கரைக்குப் போனேன். சோளகம் அடித்தது. சிவப்புத் தலைக் கம்பம் நின்றது, கழுத்தில் ஒரு முழம் வலைக்கயிறு முடிச்சோடு. கரையில் ஒருவரும் இல்லை.